குளிர் முடியும் முன் பழமரங்களுக்குச் செய்த மண் வேலை

சில ஆண்டுகளாக விரல் நீளத்துக்கு மேல் தளிர் விடாமல் நின்ற ஆப்பிள் மரம் இந்தக் கோடையில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் முந்தைய ஆண்டுகளைவிட இம்முறை அதற்குப் போட்ட உரம் குறைவு. குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் அந்த மரத்தடியில் என்ன செய்தேன், எதை விட்டேன், எந்த அளவில் செய்தேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதேபோல் மரத்துக்கு உரம் போட்டும் பலன் காணாதவர்கள் முதலில் எங்கே பார்க்கலாம் என்பதற்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

மரங்கள் நான்கு. ஆப்பிள் இரண்டு, பேரி ஒன்று, பிளம் ஒன்று. நான்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஒரே உரத்தை ஒரே அளவில் பெற்று வந்தவை. அதாவது கலப்பு உரம் சில கைப்பிடி, அடுப்புச் சாம்பல் ஒரு வாளி, இரண்டும் தூரைச் சுற்றி. இந்த முறை முதல் வேலையாக உர மூட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தேன்.

இலையுதிர்ந்து நிற்கும் மரத்தில் அளப்பது எளிது. கிளையின் நுனியில் விரலை வைத்துத் தண்டின் மீது மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் நெருக்கமான வளையங்கள் தட்டுப்படும். பட்டையில் நூல் சுற்றி எடுத்த தடம்போல இருக்கும். முந்தைய குளிர்காலத்தில் நுனிமொட்டைப் போர்த்தியிருந்த செதில்கள் உதிர்ந்த தழும்பு அது. அந்த வளையத்திலிருந்து நுனி வரை உள்ள நீளம்தான் மரம் கடந்த பருவத்தில் வளர்ந்த வளர்ச்சி. மரத்தின் நான்கு புறமும் தோள் உயரத்தில் உள்ள கிளைகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நேராக மேல்நோக்கி எழும்பும் போத்துகளைச் சேர்க்கக் கூடாது. அவை எப்போதும் நீளமாகவே இருக்கும், கணக்கைக் கெடுத்துவிடும்.

காய்க்கும் பருவத்தில் உள்ள ஆப்பிளுக்கும் பேரிக்கும் ஆண்டுக்கு 20 முதல் 30 செ.மீ. வளர்ச்சி போதும். பிளம் இன்னும் சற்று நீளமாக வளரலாம். காய்ப்புக்கு வராத இளமரம் 45 முதல் 60 செ.மீ. வரை வளர்வது இயல்பு. என் மரங்களில் முதல் ஆப்பிள் 9 செ.மீ., இரண்டாம் ஆப்பிள் 24, பேரி 55, பிளம் 32. நான்கு மரத்துக்கும் ஒரே உரம் என்ற வழக்கம் எவ்வளவு பொருத்தமற்றது என்று இந்த நான்கு எண்களே காட்டின. பேரிக்கு அந்த ஆண்டு தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பிடிகூடத் தேவையில்லை. கொழுத்து வளரும் இளந்தளிர்தான் கிளைகளைத் தீய்ந்தாற்போல் கருக வைக்கும் பாக்டீரியா நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும். ஆப்பிளிலோ வளர்ச்சி மிதமிஞ்சினால் பழத்துக்குப் போக வேண்டிய சுண்ணச்சத்தை இலைகள் இழுத்துக்கொள்ளும், தோலுக்கடியில் பழுப்புக் குழிகள் விழும். ஆகவே தழைச்சத்து தேவைப்பட்டது முதல் ஆப்பிளுக்கு மட்டும். அதன் குறையும் பசிதானா என்று மண்ணைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

முதல் ஆப்பிளின் கிளைகளுடைய வெளி விளிம்புக்கு நேர் கீழே ஒரு குழி தோண்டினேன். அகலமும் ஆழமும் 30 செ.மீ. மேலே புல்லின் வேர் மட்டும் 8 செ.மீ. தடிமனுக்குப் பாய் விரித்திருந்தது. அதற்குக் கீழே மண்வெட்டியின் முனை வழுக்கிய ஓர் இறுகிய அடுக்கு. உடைத்த கட்டி தட்டையான பலகை பலகையாகப் பெயர்ந்தது. மரத்தின் சல்லிவேர்கள் அந்தப் பலகைகளின் நடுவே நுழைய வழியில்லாமல் பக்கவாட்டில் படிந்து ஓடின. ஆண்டுக்கணக்கில் புல்வெட்டும் இயந்திரமும் தள்ளுவண்டியும் போய் வந்த தடம் அது. மண்புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அந்தக் குழியையே வடிகால் சோதனைக்கும் பயன்படுத்தினேன். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி முழுவதும் வடிய விட வேண்டும். மறுபடி நிரப்பி, குறுக்கே ஒரு குச்சியை வைத்து, அதிலிருந்து நீர்மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். முதல் தடவை ஊற்றும் நீர் காய்ந்த மண்ணை நனைக்கவே போய்விடும், அந்த அளவை நம்பக் கூடாது. மணிக்கு 2.5 முதல் 5 செ.மீ. வரை இறங்கினால் பழமரத்துக்கு நல்ல மண். முதல் ஆப்பிளின் அடியில் இறங்கியது 8 மி.மீ. இரண்டாம் ஆப்பிளின் அடியில் 4 செ.மீ. இரண்டும் ஒரே தோட்டத்தில் ஒரே களிச்சேர்மண்ணில் நிற்பவை. நடைபாதையை ஒட்டி நின்றதுதான் முதல் மரத்துக்கு வந்த கேடு.

மண் மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். கிளைப்பரப்புக்குக் கீழே பத்து இடங்களில், 20 செ.மீ. ஆழம் வரை ஒரே தடிமனில் சீவி எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கட்டிக் கொடுத்தேன். கார அமில நிலை (pH) 7.4 என்று வந்தது. ஆப்பிளுக்கு 6 முதல் 6.5 வரை இருந்தால் நலம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிக அதிகம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம், கரிமப்பொருள் குறைவு. அறிக்கையைப் படித்ததும் காரணம் புரிந்தது. கலப்பு உரத்தில் உள்ள மணிச்சத்து மண்ணில் நகராது. போட்ட இடத்திலேயே ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் மரம் இரும்பையும் துத்தநாகத்தையும் உறிஞ்சுவதற்கே அது தடையாகிவிடும். சாம்பலில் தழைச்சத்து கிடையாது. சாம்பல்சத்தும் சுண்ணாம்பும்தான் உண்டு, அந்தச் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டையும் அன்றோடு நிறுத்தினேன். மொத்தச் செலவில் கம்போஸ்டுக்கு அடுத்து அதிகம் ஆனது இந்தப் பரிசோதனைக்குத்தான். ஆனால் இனிப் பல ஆண்டுகளுக்குக் கலப்பு உரம் வாங்க வேண்டாம் என்று அது சொன்னதில் அந்தப் பணம் திரும்பிவிட்டது.

அடுத்து மண்ணைத் தளர்த்தும் வேலை. இதில் பதம்தான் எல்லாம். உறைந்திருந்த மண் இளகிய உடனே ஆசையாக இறங்கினேன். நான்கு பல் உள்ள தோட்டக் கவையை மிதித்து இறக்கி வெளியே எடுத்தபோது, பற்கள் போன துளைகளின் சுவர்கள் மெழுகினாற்போல் வழவழவென்று மின்னின. ஈரக்களியில் செய்தால் துளை திறக்காது, சுற்றியுள்ள மண் இன்னும் இறுகும். சில துளைகளோடு நிறுத்திவிட்டேன். பிறகு தினமும் ஒரு பிடி மண்ணை 10 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். உருண்டையாகி, கட்டைவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். விரலுக்கிடையில் பிதுங்கினாலோ உருண்டை பளபளத்தாலோ இன்னும் பதம் வரவில்லை. மழையில்லாத வாரம் ஒன்று கிடைத்த பிறகுதான் உதிர்ந்தது.

காத்திருந்த இடைவெளியில் தூரைக் கவனித்தேன். முதல் ஆப்பிளின் அடித்தண்டு மின்கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் போயிற்று. நலமாக நிற்கும் மரம் அப்படி இராது. தரையைத் தொடும் இடத்தில் தண்டு அகன்று வேர்களாகப் பிரியத் தொடங்கும் வேர்க்கழுத்து வெளியே தெரிய வேண்டும். கைக்கரண்டியால் சிறிது சிறிதாக மண்ணை எடுத்து, பட்டை தென்படத் தொடங்கியதும் பழைய வண்ணத் தூரிகைக்கு மாறினேன். இரும்பு முனை பட்டால் ஈரத்தில் ஊறிய பட்டை உரிந்துவிடும். 11 செ.மீ. தோண்டிய பிறகே முதல் பெரிய வேரின் தோள் தெரிந்தது. அதுவரை இருந்த பட்டை கருத்து, ஈரம் கோத்து, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. ஒரு நகக்கீறல் போட்டுப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. பழுப்பு நிறமும் புளித்த வாடையும் இருந்திருந்தால் கழுத்தழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். மேலே உள்ள ரகத்தையும் அடியில் உள்ள வேர்ச்செடியையும் இணைத்த ஒட்டுப்பகுதியும் மண்ணுக்குள்தான் இருந்தது. அதன் மேல்பக்கத்திலிருந்து நூல் நூலாகச் சில வேர்கள் கிளம்பியிருந்தன. விட்டால் மேலே உள்ள ஒட்டு ரகம் சொந்த வேரில் நின்றுவிடும், குட்டையாக வைத்திருக்கும் வேர்ச்செடியின் பயன் போய்விடும். கூரிய கத்தரியால் அவற்றைத் தண்டோடு ஒட்டி வெட்டினேன். சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைச் சரித்து, தண்ணீர் தூரில் தங்காமல் வெளியே ஓட ஒரு பக்கம் வாய் விட்டேன். உரமும் கம்போஸ்டும் தருகிற பலனைவிட இந்த அரை நாள் வேலையின் பலன் பெரிது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஏனெனில் மூச்சு முட்டும் பட்டைக்கு எந்த உரத்தாலும் உதவ முடியாது.

பிறகு புல். மரத்துக்குப் போக வேண்டிய தண்ணீரையும் தழைச்சத்தையும் முதலில் எடுத்துக்கொள்வது அதுதான். தட்டை மண்வெட்டியால் 4 செ.மீ. ஆழத்துக்குச் சீவத் தொடங்கினேன். தூரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போனதும் புற்கரணைகளின் அடியில் வெளிர் நிறத்தில் ஆப்பிளின் சல்லிவேர்களும் அறுந்து வந்தன. மண் இறுகியிருந்ததால் அவை மேலேயே உணவு தேடி வந்திருக்கின்றன. சீவுவதை அங்கேயே விட்டேன். அதற்கு வெளியே இருந்த புல்லை ஒட்ட வெட்டி, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, பசைநாடாவையும் கம்பிப் பின்களையும் நீக்கி, ஒற்றை அடுக்காக விரித்தேன். விளிம்புகள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் இடுக்கு வழியே புல் எழும்பும். இரண்டு மூன்று அடுக்கு போட்டால் மண்ணுக்குக் காற்றுப் போவது குறையும் என்பதால் ஒற்றை அடுக்கோடு நிறுத்தி, நன்றாக நனைத்தேன். ஆனால் இதைச் செய்வதற்கு முன்பே கவை வேலையை முடித்துவிட வேண்டும்.

கவை வேலை இவ்வளவுதான். தூரிலிருந்து 60 செ.மீ. தள்ளித் தொடங்கி, ஓரடிக்கு ஓரடி இடைவெளியில், பற்கள் 20 செ.மீ. இறங்கும் வரை மிதித்து, கைப்பிடியைப் பின்னால் ஒரு கை அகலம் சாய்த்து, நேராக வெளியே எடுக்க வேண்டும். மண்ணைப் புரட்டக் கூடாது. சாய்க்கும்போது தரை ஒரு விரல்கனம் உயர்ந்து, மெல்லிய வெடிப்பு ஓடுவது தெரியும். அது போதும், நீரும் காற்றும் வேரும் அந்த வெடிப்பில் புகுந்துகொள்ளும். பல் எங்காவது மீள்தன்மையோடு எதிர்த்தால் அங்கே பக்கவேர் இருக்கிறது. கவையை எடுத்து ஒரு சாண் தள்ளிக் குத்த வேண்டும். நடைபாதைப் பக்கம் கிளைப்பரப்புக்கு வெளியே 15 செ.மீ. ஆழத்தில் ஒரு வாய்க்காலும் வெட்டினேன். மழை பெய்தால் பாதையிலிருந்து வழியும் நீர் மரத்தடியில் தேங்காமல் அதன் வழியே போய்விடும்.

கம்போஸ்ட் கணக்கு. வட்டத்தின் வெளி ஆரம் 1.8 மீட்டர், தூரைச் சுற்றி வெறுமையாக விடும் உள் ஆரம் 30 செ.மீ. பரப்பு ஏறத்தாழ 10 சதுர மீட்டர். 2.5 செ.மீ. கனத்துக்குப் பரப்ப 250 லிட்டர் வேண்டும், அதாவது பத்து லிட்டர் வாளியில் 25 வாளி. வாளியின் எண்ணிக்கையில் கணக்கு வைப்பது எனக்கு வசதியாக இருந்தது. வட்டத்தை நான்காகப் பிரித்துக்கொண்டால் ஒரு கால்பங்குக்கு ஆறு வாளிக்குச் சற்று மேல். மண்ணோடு கலக்கவில்லை. வெடிப்புகளில் தானாக இறங்கட்டும், மீதியை மண்புழு பார்த்துக்கொள்ளும். அட்டை விரித்த பகுதியில் அட்டைக்கு மேல் போட்டேன். மற்ற மரங்களில் இரண்டாம் ஆப்பிளுக்கும் பிளம்முக்கும் ஒரு செ.மீ. கனம் போதும் என்று விட்டேன். பேரிக்கு அதுவும் இல்லை.

இனி தழைச்சத்து. அதை எப்போது கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலும் அவசரம் நேர்கிறது. குளிர் முடியும்போது மரம் விடும் முதல் இலைகள், மரத்துக்குள் முந்தைய பருவத்தில் சேர்த்து வைத்த தழைச்சத்தில் வளர்கின்றன. வேர்கள் மண்ணிலிருந்து கணிசமாக எடுக்கத் தொடங்குவது அதன் பிறகு. குளிர்ந்த ஈரமண்ணில் மாதக்கணக்கில் முன்னதாகப் போட்ட யூரியா நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்கிவிடும். எனவே மொட்டு பருத்து நுனியில் பச்சை எட்டிப் பார்க்கும் வரை மூட்டையைத் தொடவில்லை.

அளவுக்கு அடித்தண்டின் விட்டத்தைக் கணக்காக வைத்தேன். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுற்றளவு 31 செ.மீ., விட்டம் சுமார் 10 செ.மீ. விட்டத்தின் ஒரு செ.மீட்டருக்கு 18 கிராம் தழைச்சத்து என்பது ஆப்பிளுக்கு வழக்கத்தில் உள்ள கணக்கு, ஆக 180 கிராம். கம்போஸ்ட் 250 லிட்டர் என்றால் ஈரத்தோடு 140 கிலோ, காய்ந்த எடை அதில் பாதி. ஒன்றேகால் விழுக்காடு தழைச்சத்து என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 870 கிராம் இருக்கும். ஆனால் முதல் ஆண்டில் மரத்துக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான் என்று கொண்டேன். அது 85 கிராம். மீதி 95 கிராமுக்கு, 46 விழுக்காடு உள்ள யூரியா சுமார் 200 கிராம் வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து, பாதியை மொட்டில் பச்சை தெரியும்போதும் மறுபாதியைக் காய் பிடித்த பிறகும் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

100 கிராம் யூரியாவை 10 சதுர மீட்டரில் கையால் சீராகத் தூவ முடியாது. முதல் வீச்சிலேயே கை காலியாகிவிடும். இரண்டு லிட்டர் காய்ந்த மணலோடு கலந்து, பாதியை வட்டத்தைச் சுற்றி நடந்தும் மீதியை எதிர்த்திசையில் நடந்தும் தூவினேன். தூரிலிருந்து அரை மீட்டருக்கு ஒன்றும் விழாமல் பார்த்துக்கொண்டேன். அங்கே உறிஞ்சும் வேர்கள் குறைவு, பட்டை பொசுங்கும் வாய்ப்போ அதிகம். உடனே தண்ணீர் விட வேண்டும். யூரியா மேற்பரப்பில் கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், 7.4 இருக்கும் என் மண்ணில் இன்னும் வேகமாகப் போகும். சாம்பலும் சேர்ந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். 10 மி.மீ. மழைக்குச் சமமாக 100 லிட்டர், பூவாளியால்.

கடைசியாக மூடாக்கு. மரச்சில்லு 7 செ.மீ. கனம், தண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி. இதை முன்கூட்டியே போடாததற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த மண்மீது போர்த்தினால் அந்தக் குளிர் அப்படியே தங்கிவிடும், வேர் விழிப்பது தாமதமாகும். மரச்சில்லு மண்ணின் தழைச்சத்தைத் தின்றுவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். மண்ணோடு கிளறிக் கலந்தால் அது நடக்கும். மேலே கிடக்கும்போது தொடும் மெல்லிய பரப்பில் மட்டுமே அந்த விளைவு. சில்லின் அளவு சீராக இல்லாதது நல்லது. மரத்தூள் மட்டும் போட்டால் ஆடைபோல் இறுகி மழைநீரை உள்ளே விடாது.

பூத்த சமயத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்து பாதிப் பூக்களின் நடுச்சூலகம் கருத்துவிட்டது. காய்ப்பாரம் குறைந்த மரம் கிடைக்கும் தழைச்சத்தையெல்லாம் கிளையாக மாற்றும். ஆகவே இரண்டாம் தவணை யூரியாவைக் கொடுக்கவில்லை. அதில்லாமலேயே இலையுதிர்ந்த பின் அளந்தபோது சராசரி 22 செ.மீ. இருந்தது. இலைகள் பெரிதாகவும் கரும்பச்சையாகவும் இருந்தன. அதே குழியை அதே பக்கத்தில் மறுபடி தோண்டி நீர் விட்டுப் பார்த்தேன். மணிக்கு 22 மி.மீ. இறங்கியது. நல்ல மண் என்று சொல்ல இன்னும் சற்றுக் குறைவுதான். ஆனால் பலகை பலகையாகப் பெயர்ந்த இடத்தில் இப்போது கட்டிகள் கையில் உடைகின்றன, ஒரு மண்வெட்டி மண்ணில் நான்கைந்து புழுக்கள் நெளிகின்றன, வெடிப்புகளின் ஓரமாக வெள்ளை வேர்கள் கீழ்நோக்கி இறங்கியிருக்கின்றன. உரமே பெறாத பேரி 55 செ.மீட்டரிலிருந்து 41-க்கு இறங்கியது. கிளை வெட்டும் கவாத்தையும் குறைத்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த முறை மூன்றை மாற்றுவேன். அட்டையை இலையுதிர் காலத்திலேயே விரித்துவிடுவேன். குளிர் முழுவதும் கிடந்து புல் தானாக மடியும், மண்வெட்டியால் ஒரு வேரையும் அறுக்க வேண்டியிராது. மண் பரிசோதனையையும் அப்போதே செய்வேன். காரத்தைக் குறைக்கக் கந்தகம் போட்டால் மண் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்ற மாதங்கள் ஆகும், அதுவும் மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்காலக் கடைசியில் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பருவத்துக்கு ஒன்றும் செய்ய இயலாது. மூன்றாவது, வாய்க்காலை முதல் வேலையாக வெட்டுவேன். நீர் தேங்குவது முன்பே நின்றிருந்தால் மண் பதத்துக்காக அத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

முதல் ஆப்பிளின் தழைச்சத்து இனி அந்தந்த ஆண்டின் கிளை நீளத்தைப் பொறுத்தது. 20 செ.மீட்டருக்குக் குறைந்தால் மட்டும் யூரியா, மற்றபடி கம்போஸ்ட் ஒரு செ.மீ. பிளம்மின் தூரிலும் வேர்க்கழுத்து வெளியே தெரியவில்லை. அங்கே தூரிகையோடு உட்காரும் வேலை இந்தக் குளிர் முடிவதற்குள் பாக்கி இருக்கிறது.